துரியோதனன் முகத்துச் சிவப்பு

சென்னையிலிருந்து வடக்கே போகும் நெடுஞ்சாலையில், ஜனப்பன்சத்திரம் கூட்டுச்சாலையில் பேருந்து இடப்பக்கம் திரும்பியதும் ஆடி மாதம் கண்ணில் படத் தொடங்குகிறது. வேன்களின் முகப்பில் வேப்பங்கொத்து. குட்டி யானை வண்டிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள் தலைமுதல் கால்வரை மஞ்சள். நடந்து போகிறவர்களின் தோளில் மஞ்சள் துண்டு, மணிக்கட்டில் மஞ்சள் கயிறு. எங்கே போகிறீர்கள் என்று அவர்களை யாரும் கேட்பதில்லை. பெரியபாளையம் பவானியம்மன் கோயிலுக்கு என்று அந்த நிறமே சொல்லிவிடுகிறது.

இந்தப் பயணத்தை நான் நிறங்களுக்காகவே போனேன். கற்பனை உலகங்களைப் படைத்துக் கதை எழுதும் இளைஞர்கள் சிலரைத் தெரியும். வரைபடம் போடுகிறார்கள், அரச வம்சங்களுக்குப் பெயர் வைக்கிறார்கள், ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு நிறம் கொடுக்கிறார்கள். இந்த நாட்டில் துக்கத்துக்கு நீலம், அந்த நாட்டில் திருமணத்துக்குக் கறுப்பு என்று பட்டியல் தயாராகிவிடும். ஆனால் கதையைப் படிக்கும்போது அந்த நிறங்கள் மனத்தில் ஒட்டுவதில்லை. டோல்கீன் எழுதிய உலகில் சாம்பல் நிற அங்கி அணிந்த கண்டால்ஃப் செத்துப் பிழைத்து வெள்ளையில் திரும்பும்போது நமக்குச் சிலிர்க்கிறது. வெள்ளையைத் துறந்து பல வண்ணங்களைப் பூண்ட சாருமான் விழுந்துவிட்டான் என்பது சொல்லாமலே விளங்குகிறது. ஒரு கற்பனை உலகில் நிறம் எப்படி உயிர் பெறுகிறது என்ற கேள்விக்கு விடை தேட நான் தேர்ந்தெடுத்த ஊர் ஊத்துக்கோட்டை. காரணம், அந்த வட்டாரத்தில் ஒரு கற்பனை உலகம் தலைமுறை தலைமுறையாக மண்ணில் கட்டப்பட்டு, வண்ணம் பூசப்பட்டு, விடிந்ததும் கலைக்கப்படுகிறது. அதுதான் பாரதக் கூத்து.

வழித்துணை ஆரணி ஆறு. ஆந்திர மலைகளில் பிறந்து, பிச்சாட்டூர் அணையில் தேங்கி, சுருட்டப்பள்ளியைத் தொட்டு, ஊத்துக்கோட்டை வழியாகப் பெரியபாளையம் வந்து, பழவேற்காட்டு ஏரியருகே கடலைச் சேரும் ஆறு. ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும். அந்த ஆற்றை எதிர்த்து மேலே போவது என் திட்டம்.

பெரியபாளையத்தில் முதலில் எதிர்ப்பட்டது பச்சை. ஆற்றங்கரையில் கட்டுக்கட்டாக வேப்பிலையைக் குவித்து வைத்திருந்தார்கள். நாரில் கோத்து, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை தொங்கும் ஆடையாகக் கட்டிவிடுவதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள். நீரில் முழுகி எழுந்த ஒரு பெண் மஞ்சள் சேலை ஈரத்தின் மேல் அந்த வேப்பஞ்சேலையைக் கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றக் கிளம்பினார். பின்னால் அவர் மகன் குடையுடன் வந்தான். "போன வருஷம் இவனுக்கு அம்மை போட்டிருந்தது. அப்ப வேண்டிக்கிட்டது" என்றார் அருகில் நின்ற பாட்டி.

மாரியம்மன் கதையில் ரேணுகை சிதையின் தீயிலிருந்து எழுந்து வருகிறாள். மழை பெய்து தீ அணைந்துவிட, கொப்புளம் கண்ட உடம்பை மறைக்க வேப்பிலையை உடுத்துகிறாள். கதை அப்படிச் சொல்கிறது. வீடுகளிலும் அதுவே வழக்கம். அம்மை கண்டவரை வேப்பிலைப் படுக்கையில் கிடத்துவார்கள், அரிப்பெடுத்தால் வேப்பங்கொத்தால் வருடுவார்கள், வாசலில் வேப்பிலை செருகுவார்கள். தெருவில் போகிறவர் அந்த வாசலைப் பார்த்ததும் ஒதுங்கிப் போவார். இலை மருந்தாகவும் அறிவிப்பாகவும் வழிபாடாகவும் ஒரே நேரத்தில் வேலை செய்தது. இந்தியாவில் கடைசியாகப் பெரியம்மை கண்டது 1975இல். உலகமே அந்த நோயிலிருந்து விடுபட்டதாக 1980இல் அறிவித்தார்கள். நோய் போன பிறகும் வேப்பஞ்சேலை போகவில்லை. குளிர்ச்சி, காப்பு, தாயின் கை என்று அந்தப் பச்சை சேர்த்துவைத்த பொருள் அதைத் தாங்கி நிற்கிறது. இதுதான் எனக்குக் கிடைத்த முதல் பாடம்: ஒரு நிறம் முதலில் ஏதாவது ஒரு வேலையைச் செய்திருக்கிறது. பொருள் அதற்குப் பின்னால் வந்து சேர்ந்தது.

ஊத்துக்கோட்டைப் பேருந்து நிலையம் இந்தப் பாடத்தைத் தொடர்ந்து படிக்கத் தோதான இடம். தமிழ்நாட்டின் ஓரத்தில் நிற்கும் தாலுகா தலைமையிடம் இது. கடைப் பலகைகளில் தமிழும் தெலுங்கும் கலந்திருக்கும். தமிழில் தொடங்கி, தெலுங்கில் தொடர்ந்து, மறுபடி தமிழில் முடியும் பேச்சு இங்கே இயல்பு. பேருந்துக்குக் காத்திருப்பவர்களின் உடை நிறத்தை வைத்தே யார் எங்கே போகிறார்கள் என்று ஊகிக்கலாம். சிவப்பு உடுத்திய பெண்கள் கூட்டமாக இருந்தால் மேல்மருவத்தூர். கார்த்திகை, மார்கழியில் கறுப்பு உடுத்தியிருந்தால் சபரிமலை. பச்சை வேட்டி என்றால் பழநி. மரத்தடியில் பச்சைத் துணி போர்த்திய தர்கா. சாலை முனையில் கறுப்பின் நடுவே சிவப்பு வட்டம் வைத்த திராவிடர் கழகக் கொடி: சமூகத்தின் இழிநிலை கறுப்பு, அதை மாற்றப் பிறக்கும் புரட்சி சிவப்பு. ஐயப்ப பக்தரின் விரதக் கறுப்பும், கோயிலை மறுத்தவர்களின் கொடிக் கறுப்பும் ஒரே பேருந்து நிலையத்தில் சண்டையில்லாமல் நிற்கின்றன. யாரும் ஒன்றை இன்னொன்றாகத் தவறாகப் புரிந்துகொள்வதில்லை.

ஊரை விட்டு வெளியே வந்தால் நீலம். இந்தப் பக்கத்துக் கிராமங்களில் நீல அங்கியுடன் அம்பேத்கர் சிலைகள் நிற்கின்றன. 1942இல் அவர் தொடங்கிய பட்டியலினத்தார் கூட்டமைப்பின் கொடி நீலம். அந்த நீலம் இன்று நாடெங்கும் மானத்தின் நிறம். ஒரு கட்சிக் கொடியில் தொடங்கி, சுவரெழுத்தில் வளர்ந்து, திருமணப் பந்தலின் துணிவரை வந்து சேர்ந்த நிறம் அது. பழைய சாத்திரம் எதிலும் இதற்கு இடமில்லை. அதை ஏற்றுக்கொண்ட மக்களே அதற்குப் பொருள் கொடுத்தார்கள். புதிதாக ஒரு நிறத்துக்கு அர்த்தம் உண்டாக்க முடியுமா என்று யோசிக்கும் எழுத்தாளர் இந்தச் சிலைகளின் அடியில் சற்று நிற்கலாம். முடியும், ஆனால் அந்த அர்த்தம் யாருக்கோ உயிராதாரமாகத் தேவைப்பட வேண்டும்.

கூத்து நடந்தது ஊத்துக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில். திரௌபதி அம்மன் கோயிலில் அக்னி வசந்த விழா. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. நான் போனது பதினெட்டாம் போர் இரவு. விடிந்தால் படுகளம், மாலையில் தீமிதி.

கொட்டகைக்குப் பின்னால் கீற்று மறைப்புக்குள் வேஷம் கட்டிக்கொண்டிருந்தார்கள். பாய் விரித்து, கற்பூரம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டு, துரியோதன வேஷக்காரர் கண்ணாடியைக் காலிடுக்கில் நிறுத்திக்கொண்டார். குழுவின் வாத்தியார் அவரே. கொட்டாங்குச்சிகளில் பொடிகள்: மஞ்சள் அரிதாரம், செந்தூரச் சிவப்பு, முத்துவெள்ளை, மை. தேங்காயெண்ணெய் விட்டு விரலால் குழைத்தார். முதலில் முகம் முழுவதும் ஒரே சீராகச் சிவப்பு. காதுமடலும் கழுத்தும்கூட விடவில்லை. அது இறுகியதும் புருவத்தை மையால் நெற்றிவரை ஏற்றி வளைத்தார். ஈர்க்குச்சியை முத்துவெள்ளையில் தொட்டுக் கன்னத்தில் புள்ளிகள் வைக்கத் தொடங்கினார். ஒவ்வொரு புள்ளிக்கும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார். இடக்கன்னத்துப் புள்ளிக்கு இணையாக வலக்கன்னத்தில் ஒன்று, அதன்கீழ் ஒன்று என வரிசை இறங்கியது. பக்கத்தில் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் ஜிகினாத்தாளும் ஒட்டிய கிரீடமும் புஜக்கட்டைகளும் காத்திருந்தன. கனமில்லாத மரம். இரவு முழுக்கச் சுழன்று ஆட அதுதான் ஏற்றது.

"துரியோதனனுக்கு ஏன் சிவப்பு, வாத்தியாரே? கெட்டவன் என்பதாலா?" என்று கேட்டேன்.

கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "கெட்டவன்னு மட்டும் சொல்லாதீங்க தம்பி. அவன் ராஜா. கோபமும் அதுதான், வீரமும் அதுதான், ஆங்காரமும் அதுதான். எல்லாம் ஒரே சிவப்புல நிக்குது. வெறும் கெட்டவனா வேஷம் போட்டா விடியகால ஜனம் அழாது."

அந்தக் குழுவில் கிருஷ்ணனுக்குப் பச்சை, அர்ச்சுனனுக்கு நீலம். இது குழுவுக்குக் குழு மாறும். வடக்கத்திப் பாணி, தெற்கத்திப் பாணி என்ற பிரிவும் உண்டு. கட்டியக்காரனுக்கு மட்டும் கனத்த முகப்பூச்சு கிடையாது. இழுத்துவிட்ட நாலைந்து கோடுகளுடன் வருவான். அவன் அஸ்தினாபுரத்திலும் நிற்பான், நம்மூர் ரேஷன் கடையைப் பற்றியும் பேசுவான். இரண்டு உலகத்துக்கும் நடுவே நடப்பவனுக்கு எந்த நிறமும் முழுதாகப் பூசப்படுவதில்லை.

"எங்க தாத்தா காலத்துல தீவட்டி வெளிச்சம். அதுல சிவப்பு எரியும்" என்றார் வாத்தியார் புள்ளிகளை முடித்துக்கொண்டு. "இந்த வெள்ளை லைட்டு வந்ததுல இருந்து நான் செந்தூரத்தைக் கூட்டிக்கிறேன், பச்சையில மஞ்சளைக் கொறைச்சுக்கிறேன். இல்லன்னா மூஞ்சி செத்துப் போயிரும்." வெளிச்சம் மாறினால் நிறத்தின் கலவையும் மாற வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. கடைசி வரிசையில் முந்தானையைப் போர்த்தி உட்கார்ந்திருக்கும் பாட்டிக்குத் துரியோதனன் தெரிகிறானா என்பதுதான் அவருடைய அளவுகோல்.

நாட்டிய சாஸ்திரத்தின் ஆறாம் அத்தியாயம் ஒவ்வொரு சுவைக்கும் நிறம் கூறுகிறது. காதலுக்குச் சியாமம், நகைப்புக்கு வெள்ளை, இரக்கத்துக்குப் புறாச் சாம்பல், வெகுளிக்குச் சிவப்பு, வீரத்துக்கு வெளிர் பொன், அச்சத்துக்குக் கறுப்பு, அருவருப்புக்கு நீலம், வியப்புக்கு மஞ்சள். கூத்து இந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அங்கே அருவருப்பின் நீலம் இங்கே அர்ச்சுனன் முகம். கேரளத்துக் கதகளியில் ராமனும் நளனும் பச்சை. துரியோதனனும் ராவணனும் கத்தி வேஷம்: அதே மேன்மைப் பச்சையின் மேல் கன்னத்தில் கத்தி வடிவச் சிவப்பு. பிறப்பால் உயர்ந்தவன், உள்ளே பிசகிவிட்டவன் என்பதை இரண்டு நிறம் சேர்ந்து சொல்கிறது. துச்சாசனனுக்குச் சிவப்புத் தாடி, அனுமனுக்கு வெள்ளைத் தாடி. சீனத்துப் பீக்கிங் இசைநாடகத்தில் நம் கணக்கு தலைகீழாகிவிடும். அங்கே செம்முகம் கொண்ட குவான் யூ விசுவாசத்தின் வடிவம். வெண்முகம் கொண்ட ட்சாவ் ட்சாவ் சூழ்ச்சிக்காரர். கருமுகம் கொண்ட நீதிபதி பாவ் யாருக்கும் வளையாதவர். துரியோதன வேஷத்தோடு வாத்தியார் பெய்ஜிங் மேடையில் ஏறினால் கண்ட மாத்திரத்தில் அவரை உத்தமர் என்று அந்தக் கூட்டம் நம்பிவிடும்.

அப்படியானால் சிவப்புக்குச் சொந்தமாக ஒரு பொருளும் இல்லையா? அன்று விடியற்காலை அதற்கும் விடை கிடைத்தது.

ஊர்ப் பொதுவில் மண்ணைக் குழைத்து, மல்லாந்து கிடக்கும் துரியோதனனைச் செய்திருந்தார்கள். ஒரு வீட்டு நீளத்துக்கு மேல் இருக்கும். பெரிய மீசை, உருட்டி விழிக்கும் கண், அகலக் கிரீடம். முகத்துக்கு அதே சிவப்பு. வேஷம் கட்டிய துரியோதனனும் பீமனும் அந்த மண்ணுருவத்தைச் சுற்றி ஓடியும் அதன்மேல் ஏறியும் சண்டையிட்டார்கள். இரவெல்லாம் விழித்த கூட்டம் வயல் வரப்புவரை நின்றது. அதற்கு முன்பே ஒரு வீட்டுத் திண்ணையில் நான் பார்த்துக்கொண்டிருந்தது வேறொன்றை. ஒரு மூதாட்டி அண்டாவில் மஞ்சள்பொடியைக் கரைத்தார். தண்ணீர் பளீரென்று மஞ்சளானது. இன்னொரு கிண்ணத்திலிருந்து வெற்றிலைச் சுண்ணாம்பை விரலால் எடுத்து விட்டுக் கலக்கினார். மஞ்சளுக்குள் செம்புகை போல ஓடி, கையை ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் அண்டா முழுக்க ரத்தம். கல்யாண வீட்டில் ஆரத்தி எடுப்பதும் இதே நீர்தான். மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற பொருள் சுண்ணாம்பின் காரத்தில் சிவக்கிறது. எலுமிச்சம்பழம் பிழிந்தால் பழையபடி மஞ்சளாகும். மஞ்சளையும் சுண்ணத்தையும் சேர்த்துத்தான் குங்குமமும் செய்தார்கள்.

பீமன் தொடையில் அடித்தான். மண்ணுருவத்தின் தொடையில் அந்த நீர் பாய்ந்தது. விரிந்த கூந்தலோடு நின்ற திரௌபதிக்குக் கூந்தல் முடியப்பட்டது. துரியோதனன் மனைவி பெருந்திருவாள் ஒப்பாரி வைத்தபோது, சற்று முன்பு பீமனுக்குக் குலவையிட்ட பெண்களே முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். வாத்தியார் சொன்னது அப்படியே நடந்தது. பிறகு கூட்டம் கலையும்போது பலரும் மண்ணுருவத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து முடிந்துகொண்டார்கள். நெல் சேர்த்துவைக்கும் இடத்தில் போட்டால் விளைச்சல் குறையாது என்பது நம்பிக்கை. ஆங்காரத்தின் சிவப்பு ரத்தச் சிவப்பாகி, திரௌபதியின் நெற்றிக் குங்குமமாகி, கடைசியில் நெற்குதிருக்குக் காப்பாகிவிட்டது. ஒரே காலைக்குள், ஒரே இடத்தில், சிவப்பு இத்தனை பொருளுக்கு நகர்ந்தது. யாரும் குழம்பவில்லை. மஞ்சளிலிருந்து சிவப்பு பிறப்பதைத் தங்கள் கையாலேயே கரைத்துப் பார்த்தவர்கள் அவர்கள். பேதை மஞ்சள் பூசிக் குளிப்பதும், மணப்பெண் குங்குமம் இடுவதும், களத்தில் ரத்தம் கொட்டுவதும் ஒரே கிழங்கின் வேலை என்பது அவர்களுக்குத் தெரியும். அந்த உறவுதான் பொருள். தனியாகப் பெயர்த்தெடுத்துப் பட்டியலில் வைத்தால் சிவப்பு ஊமையாகிவிடும்.

சுருட்டப்பள்ளி ஊத்துக்கோட்டைக்கு அடுத்த ஊர்தான். இடையில் மாநில எல்லை. இப்போது அது ஆந்திரத்தின் திருப்பதி மாவட்டம். போகும் வழியில் கிருஷ்ணா நீர் தமிழ்நாட்டுக்குள் நுழையும் கால்வாய் ஊத்துக்கோட்டைக்கு அருகே இருக்கிறது. கண்டலேறு அணையிலிருந்து பூண்டி ஏரிவரை வரும் இந்தக் கால்வாய்க்கான ஒப்பந்தம் 1983இல் ஆனது. நீர் முதன்முதலில் வந்தது 1996இல். எல்லையில் அளவைக் கணக்கிடும் இடத்தை ஜீரோ பாயிண்ட் என்கிறார்கள். தண்ணீர் திறந்துவிடும்போது அங்கே பூத்தூவி வரவேற்பது வழக்கம். சென்னையின் குழாய்களுக்குப் போகும் நீரையும் இந்த ஊர் மலர் தூவித்தான் உள்ளே அழைக்கிறது.

பள்ளிகொண்டீஸ்வரர் கோயிலில் சிவன் படுத்திருக்கிறார். திருமால் பள்ளிகொண்டிருப்பதையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது புதிது. பாற்கடலைக் கடைந்தபோது எழுந்த ஆலகால விஷத்தை உண்ட சிவன், களைப்பு மேலிட்டு உமையின் மடியில் தலைவைத்துக் கிடந்தார் என்பது தலக்கதை. சுற்றிலும் தேவர்கள் கவலையுடன் நிற்கிறார்கள். விஷம் உள்ளே இறங்காமல் உமை தடுத்ததால் அது கண்டத்திலேயே தங்கி நீலமானது. பாம்பு கடித்தவர் உடல் நீலம் பாரித்துவிட்டது என்று ஊரில் சொல்வார்களே, அந்த நீலம் அது. சாவின் நிறத்தை ஒருத்தர் தொண்டையில் நிறுத்திவிட்டதால் உலகம் பிழைத்தது, ஆகவே அது அருளின் நிறமுமானது.

பிரதோஷம் இல்லாத நாள் என்பதால் கூட்டம் குறைவு. கருவறை விளக்கில் அந்தப் பெரிய திருமேனி கருமையாக நீண்டு தெரிந்தது. நான் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே நீலம் தனியாகப் பூசப்பட்டதாக என் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் எனக்கு முன்னால் நின்ற தாய் தன் குழந்தையைத் தூக்கிப் பிடித்து, "அதோ பாரு, சாமி கழுத்துல நீலமா, விஷம்" என்று காட்டினார். குழந்தை தலையசைத்தது. கதை கேட்டவர் கண்ணுக்கு அந்த நீலம் தெரிகிறது. இதே கோயிலில் அம்மனின் பெயர் மரகதாம்பிகை. நஞ்சின் நீலத்துக்குத் துணையாக மரகதத்தின் பச்சை. பெரியபாளையத்து வேப்பிலையைக் கண்டுவிட்டு வந்தவனுக்கு அந்தப் பச்சை எதைக் குளிரவைக்க வந்திருக்கிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

அங்கிருந்து நாகலாபுரம். கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாம்பாவின் பெயரில் அமைத்த ஊர், மீன் வடிவ வேதநாராயணர் கோயில். அதைக் கும்பிட்டுவிட்டு, பிச்சாட்டூர் வழியாகக் காளஹஸ்தி போய்ச் சேர்ந்தேன். கலம்காரித் துணி எழுதுகிறவர்களைப் பார்க்க வேண்டும் என்பது நீண்ட நாள் ஆசை. நலிந்துகொண்டிருந்த இந்தக் கலைக்கு 1950களில் கமலாதேவி சட்டோபாத்யாய் முயற்சியால் இங்கே பயிற்சி மையம் அமைந்தது. அங்கிருந்து வந்தவர்களின் பிள்ளைகளும் மாணவர்களும் இன்றும் எழுதுகிறார்கள்.

கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் நனைத்து உலர்த்திய துணி. மூங்கில் குச்சியில் துணி சுற்றிய எழுதுகோல். வெல்லத்தையும் துருப்பிடித்த இரும்பையும் நீரில் பல நாள் ஊறவைத்தால் கிடைக்கும் கறுப்பில் முதலில் கோடுகள் வரைகிறார்கள். துணியில் படும்போது சாம்பலாகத் தெரியும் கோடு கடுக்காயோடு சேர்ந்து கறுத்துக்கொண்டே வரும். சிவக்க வேண்டிய இடத்தில் பூசுவது படிகார நீர். பூசியது தெரியவே தெரியாது. சாயவேர் அல்லது இன்று வழங்கும் அலிசரின் சாயத்தில் துணியைக் கொதிக்கவைத்தால்தான் படிகாரம் தொட்ட இடம் மட்டும் சிவக்கும். மஞ்சளுக்குக் கடுக்காய்ப்பூ, நீலத்துக்கு அவுரி. பச்சைக்கென்று தனிச் சாயம் இல்லை. நீலத்தின் மேல் மஞ்சளை ஓட்டினால் அது பச்சை.

இந்தத் துணியிலும் ஒரு புராண உலகம். ராமனும் கிருஷ்ணனும் நீலம். பெண்கள் மஞ்சள். அரக்கர்களுக்குச் சிவப்பும் பச்சையும். கூத்தில் கிருஷ்ணனுக்குப் பச்சை என்று அறிந்து வந்த எனக்கு இங்கே அரக்கனுக்குப் பச்சை. பேருந்தில் ஒரு பகலுக்குள் வந்துவிடக்கூடிய இரண்டு ஊர்கள், ஒரே கதைகள், வேறு வேறு கணக்கு. கூத்துக்காரர் இருட்டில், தூரத்தில், ஆடும் முகத்துக்காகக் கலக்கிறார். துணி எழுதுகிறவர் பகலில், கையெட்டும் தொலைவில், அவுரியும் வேரும் கொடுத்த வண்ணங்களுக்குள் கலக்கிறார். தெய்வங்களும் அரக்கர்களும் அவரவர் கையில் இருந்த பொடிக்கும் வேருக்கும் வெளிச்சத்துக்கும் ஏற்ப நிறம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு அந்தந்த ஊர் ஜனம் அதை ஏற்றுக்கொண்டது.

திரும்பும்போது நாயுடுபேட்டை, தடா வழியாகக் கும்மிடிப்பூண்டியில் இறங்கினேன். சிப்காட்டின் உருக்காலைப் புகைபோக்கிகளுக்குக் கீழேயும் நிறங்கள் பேசுகின்றன. ஆலைக் குழாய்களுக்கு இந்தியத் தர நிர்ணயம் வைத்த அடையாளம் உண்டு: தண்ணீருக்குக் கடற்பச்சை, காற்றுக்கு வான்நீலம், வாயுவுக்கு வெளிர் மஞ்சள், அமிலத்துக்குக் கரு ஊதா. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழிற்சாலைகளையே நிறத்தால் பிரித்திருக்கிறது. 2016இல் வகுத்த முறைப்படி, மாசுக் குறியீடு 60ம் அதற்கு மேலும் இருந்தால் சிவப்பு, 41 முதல் 59 வரை ஆரஞ்சு, 21 முதல் 40 வரை பச்சை, 20 வரை வெள்ளை என்று இருந்தது. தேநீர்க் கடையில் என்னோடு பேசிய ஆலைத் தொழிலாளி ஒருவர், எந்தக் குழாயைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்பதைப் பொடிப்பயல் எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல் ஒவ்வொரு நிறமாகச் சொல்லிக் காட்டினார். வந்த புதிதில் இந்த நிறங்களைப் படிக்கக் கற்றதுதான் தன் உயிரைக் காத்தது என்றார். வேப்பிலை செருகிய வாசலைப் பார்த்து ஒதுங்கிப் போனவருக்கும் இவருக்கும் இடையில் நூற்றாண்டு வேறுபாடு இருக்கலாம். நிறம் செய்யும் வேலை ஒன்றுதான்.

கற்பனை உலகம் எழுதுகிற இளைஞர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதைத்தான். உங்கள் நாட்டு மக்களுக்கு நிறம் கொடுப்பதற்கு முன் அவர்கள் எந்தக் கிழங்கை அரைக்கிறார்கள், எந்த இலையை உடுத்துகிறார்கள், எந்த நோய்க்கு அஞ்சுகிறார்கள், எந்த வெளிச்சத்தில் ஆடுகிறார்கள் என்று முடிவு செய்யுங்கள். ஒரு நிறத்தின் பக்கத்தில் எந்த நிறம் நிற்கிறது, எது எதிலிருந்து பிறக்கிறது என்று பாருங்கள். எந்த அநீதியை எதிர்த்து எந்தக் கொடி எழுந்தது என்று யோசியுங்கள். இவற்றுக்கு விடை இருந்தால் நிறம் தானாகப் பேசும்.

விடை படிக்கப் பள்ளிக்கூடமும் திறந்தே இருக்கிறது. பங்குனி தொடங்கி ஆடிவரை தொண்டை மண்டலத்துக் கிராமங்களில் பாரதக் கூத்து நடக்கிறது. ஒரு மேடைக்கு வந்து இரவு முழுக்க ஆடும் கலைஞர்களுக்குக் கிடைக்கும் கூலி அவர்கள் உழைப்புக்கு ஈடானதில்லை. பொடி விலையும் வண்டிச் சத்தமும் அதில்தான் போக வேண்டும். பல ஊர்களில் திருவிழாவில் கூத்துக்குப் பதில் இசைக்கச்சேரி வைத்துவிடுகிறார்கள். ஊர்க் கூட்டத்தில் அந்தப் பேச்சு வரும்போது கூத்துக்காகக் குரல் கொடுங்கள். முடிந்தால் ஒரு நாள் கூத்துக்கான செலவை உங்கள் குடும்பத்தின் உபயமாக எழுதிவையுங்கள். பிள்ளைகளை முன்னிரவிலேயே அழைத்துப் போய், வாத்தியாரிடம் அனுமதி கேட்டு, வேஷம் கட்டும் இடத்தில் உட்காரவையுங்கள். நிறம் எப்படிப் பொருளாகிறது என்பதை அவர்கள் புத்தகத்தில் படிப்பதற்கு முன் ஒரு மனித முகத்தில் பார்த்துவிட வேண்டும்.